பதினோரு நிமிடத் திருட்டு

ஹவாய்த் தீவுகளின் தலைநகரான ஹொனலுலுவில் இருந்த இரண்டு ஆண்டுகளில் நான் ஒரு திருட்டு செய்தேன். களவுபோன பொருளைப் பற்றி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் எழுதிக் கொடுக்க முடியாது. ஒரு கிட்டாரின் ஆறு தந்திகளையும், இடக்கை விரல்களை எதன்மேலும் வைக்காமல், ஒவ்வொன்றாகத் தட்டினால் எழும் ஆறு ஒலிகள், அவ்வளவுதான். அவற்றை எடுக்க ஒரு கைப்பேசியும் 11 நிமிடமும் போதுமானதாக இருந்தன. நிமிடக் கணக்கு இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், அன்று அந்த வேகத்தை நினைத்து நான் பெருமைப்பட்டதுதான். அந்தப் பெருமை எந்த இடத்தில் வெட்கமாக மாறியது என்று எனக்குத் தெரியும். அந்த வெட்கம் பிறகு வேறொன்றாக மாறியதுதான் இன்னும் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தால் அடங்குமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'ஹவாயன் கிட்டார்' என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, கிட்டாரை மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டைத் தந்திகள்மேல் நகர்த்திப் பழைய இந்திப் பாடல்களை இழைய இழைய வாசிப்பார்களே, அதுதான். அது ஸ்டீல் கிட்டார். ஓவாஹு தீவின் லாயியே ஊர்க்காரர் ஜோசப் கெகுகு தொடங்கிவைத்தது. 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்த டாவ் மோ போன்றவர்களால் இந்தியாவிலும் வேர்பிடித்தது. அது ஊர் ஊராகச் சுற்றிய பிள்ளை. நான் சொல்லப்போவது வீட்டோடு இருந்துவிட்ட பிள்ளையைப் பற்றி. சாதாரணக் கிட்டார்தான், சாதாரணமாகத்தான் பிடிக்கிறார்கள். ஆனால் தந்திகளை முறுக்கும் பிருடைகளைத் திருகிச் சில தந்திகளைத் தளர்த்திவிடுவார்கள். ஹவாய் மொழியில் இதற்குக் 'கீ ஹோஆலு' என்று பெயர். பிருடையைத் தளர்த்துவது என்று பொருள். ஆங்கிலத்தில் ஸ்லாக் கீ.

தளர்த்தினால் என்ன ஆகிறது என்பதை நம் காதுக்குப் பழகிய முறையில் சொல்கிறேன். வழக்கமான முறையில் சுருதி சேர்த்த கிட்டாரின் தந்திகளை வெறுமனே மீட்டினால் பெரிதாக எதுவும் கேட்காது. விரல் வைத்தால்தான் அது பேசும். தந்திகளில் கனத்தது ஆறாவது, மெல்லியது முதலாவது; கழுத்தில் விரல் வைக்கும் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு மெட்டு. இப்போது ஆறாம் தந்தி, ஐந்தாம் தந்தி, முதல் தந்தி ஆகிய மூன்றை மட்டும் இரண்டிரண்டு மெட்டு தூரம் இறக்குங்கள். கனத்த தந்தியிலிருந்து மெல்லியது வரை ஒருமுறை மீட்டுங்கள். ப ஸ ப ஸ க ப. விரலே வைக்காமல் ஒரு முழு இசைக்கூட்டு எழுந்து நிற்கும். இந்த அமைப்புக்கு 'டாரோ பேட்ச்' என்று பெயர், அதாவது சேப்பங்கிழங்கு வயல். மூன்றாம் தந்தியில் இருக்கும் அந்த ஷட்ஜத்தை மட்டும் இன்னும் ஒரு மெட்டு இறக்கிக் காகலி நிஷாதமாக்கினால் ப ஸ ப நி க ப. இந்த வகைக்கு 'வஹினே' என்று பெயர், பெண் என்று அர்த்தம். வெறும் தந்தியாக ஒலிக்கும்போது அந்த நிஷாதம், ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டவர்போல் நிற்கும். வாசிப்பவர் அதே தந்தியின் முதல் மெட்டில் விரலைச் சுத்தியல்போல் இறக்குவார். நிஷாதம் ஷட்ஜத்தில் போய் விழும். கீழே கட்டைவிரல் இது எதையும் கண்டுகொள்ளாமல் கனத்த தந்திகளில் குதிரை நடை போட்டுக்கொண்டிருக்கும். அங்கே 'நஹேநஹே' என்று ஒரு சொல் இருக்கிறது. மென்மை, இனிமை, அதட்டாத குரல் எல்லாம் சேர்ந்த ஒரு சொல். அதைப் பொருளோடு புரியவைக்கும் இடம் அந்த நிஷாதம் விழும் இடம்தான்.

இப்படிப் பல அமைப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குடும்பத்தின் சொத்து. மருமகனுக்குக்கூடக் காட்டாத குடும்பங்கள் இருந்ததாகச் சொல்வார்கள்.

கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு பள்ளிக்கூடம்

எனக்குக் கற்றுக்கொடுத்தவரை அங்கிள் என்றே அழைப்பேன். ஹவாயில் வயதில் மூத்தவர் எவரானாலும் அங்கிள், ஆன்டிதான். பெயர் சொல்லி அழைத்தால் முகம் சுருங்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும், சாப்பிடாமல் அனுப்பமாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அங்கிளுக்கு எழுபத்தெட்டு வயது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதி ஹவாய்க்காரர், கால்வாசி போர்த்துகீசியர், மீதியைப் பற்றி அவருக்கே கவலை இல்லை. வீட்டின் பக்கவாட்டில் கார் நிறுத்தும் கொட்டகையில் காரைத் தவிர எல்லாம் இருக்கும். மீன்பிடி வலை, மூடி இறுகிப்போன ஐஸ் பெட்டி, துருப்பிடித்த சலவை இயந்திரம், இரண்டு மடக்கு நாற்காலிகள், ஒரு கிட்டார். சனிக்கிழமை மாலைகளில் நாலைந்து மணிக்குப் போனால் இருட்டும்வரை உட்கார்ந்திருப்போம். பணம் வாங்கமாட்டார். முதல் மாதம் ஒருமுறை கொடுக்கப் போய், அடுத்த வாரம் முழுக்க அவர் வானிலையைப் பற்றி மட்டுமே பேசினார். அதற்குப் பிறகு வீட்டில் செய்த எலுமிச்சை ஊறுகாயைக் கொண்டுபோனேன். அது செல்லுபடியானது.

டாரோ பேட்ச் அமைப்பை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டார். வஹினே வகையில் ஒன்றிரண்டையும் காட்டினார். ஆனால் ஒரு பாட்டு இருந்தது. இருட்டு விழும் நேரத்தில் மட்டும் வாசிப்பார். அதற்கு முன் நாற்காலியை லேசாகத் திருப்பிக்கொண்டு பிருடைகளை ஏதோ செய்வார், கட்டைவிரலால் ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிச் சரிபார்ப்பார், வாசிப்பார். முடிந்ததும், கடைசி ஒலி அடங்குவதற்கு முன்பே, ஆறு பிருடைகளையும் தாறுமாறாகத் தளர்த்திவிடுவார். தந்திகள் கொடியில் உலர்த்திய நூல்போலத் தொங்கும். பிறகுதான் கிட்டாரைச் சுவரில் சாய்ப்பார். நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

இந்தப் பழக்கத்தைப் பற்றி ஏற்கெனவே படித்திருந்ததால் எனக்கு உள்ளூரப் புல்லரித்தது. இதோ, புத்தகத்தில் இருந்த மரபு என் கண்முன்னால். நான் அங்கே போகும்போதே ஒரு கருத்தோடுதான் போயிருந்தேன். விடுதிகளில் சுற்றுலாப் பயணிகளுக்காக வாசிக்கப்படுவது போலி. நாலு தந்திச் சிறு கிட்டாரான உகுலேலேயில் ராக் பாட்டு வாசித்து இணையத்தில் ஏற்றுவது வித்தை. மலையடிவாரத்தில், மாட்டுப் பண்ணைகளில், யாருக்கும் காட்டாமல் காத்துவைத்திருப்பது மட்டுமே உண்மை. பழையது என்றால் மாறாதது, மாறாதது என்றால் தூயது. இந்தக் கருத்தை அப்போது நான் கருத்து என்றே நினைக்கவில்லை, ரசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரலாற்றை நேராகப் பார்த்திருந்தால் அந்த ரசனை ஒரு நாள்கூட நின்றிருக்காது. 1793இல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவர் முதலாம் கமேஹமேஹா அரசருக்கு மாடுகளைப் பரிசளித்தார். அரசர் அவற்றைக் கொல்லத் தடை விதித்தார். மாடுகள் பெருகிப் பயிர்களையும் வேலிகளையும் நாசம் செய்தன. மூன்றாம் கமேஹமேஹா காலத்தில், 1832 வாக்கில், அப்போது மெக்சிகோவின் கையில் இருந்த கலிபோர்னியாவிலிருந்து மாடு பிடிப்பவர்களை வரவழைத்தார்கள். எஸ்பானோல் என்ற சொல் உள்ளூர் நாவில் பனியோலோ ஆனது; இன்றும் ஹவாயில் மாடு மேய்ப்பவருக்கு அதுதான் பெயர். அவர்களோடு கிட்டார் வந்தது. அவர்கள் திரும்பிப் போனபோது சில கிட்டார்கள் தங்கிவிட்டன, சுருதி சேர்க்கும் முறை முழுதாகத் தங்கவில்லை என்பார்கள். கிடைத்த பெட்டியை வைத்துக்கொண்டு, தங்கள் பாட்டுக்கு எது பொருந்துகிறதோ அப்படித் தந்திகளை இறக்கிக்கொண்டார்கள். ஆக நான் 'மாறாதது' என்று கும்பிட்டுக்கொண்டிருந்த பொருள், இறக்குமதியான மாடு, இறக்குமதியான ஆள், இறக்குமதியான கிட்டார் மூன்றும் சேர்ந்து பிறந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் ரசனை அசையவில்லை. தெரிவதற்கும் உறைப்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்!

அந்த 11 நிமிடம்

ஒரு சனிக்கிழமை கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டு அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பாட்டைப் பதிவு செய்யத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கிள் வழக்கம்போல் நாற்காலியைத் திருப்பினார், தந்திகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஆறு தட்டல்கள். இரவு வீட்டுக்கு வந்து, சுருதி காட்டும் செயலி ஒன்றில் ஒவ்வொரு தட்டலாக ஓடவிட்டேன். பச்சை முள் ஆடி ஆடி நின்றது. தாளில் ஆறு எழுத்துகள் எழுதினேன். என் கிட்டாரின் பிருடைகளைத் திருகி, வெறும் தந்திகளை மீட்டினேன். அந்தக் கொட்டகையின் இருட்டு என் படுக்கையறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு குடும்பம் எத்தனையோ ஆண்டுகள் முதுகைத் திருப்பிக்கொண்டு காத்ததை எடுக்க 11 நிமிடம்.

வாரம் முழுக்கப் பயிற்சி செய்தேன். அடுத்த சனிக்கிழமை அவர் மாமரத்தடியில் விழுந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, என் கிட்டாரை எடுத்து அந்தப் பாட்டின் முதல் பகுதியை வாசித்தேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. மெச்சுவார் என்று நினைத்தேனோ, ஒப்புக்கொள்ள இதைவிட நேரான வழி தெரியவில்லையோ. அவர் நிமிரவில்லை. கையிலிருந்த பழங்களை வாளியில் போட்டார். மெதுவாக வந்து எதிர்நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போன வாரம் பையில் வைத்திருந்தாயா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"சின்ன விளக்கு எரிந்தது. பார்த்தேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. மன்னித்துவிடுங்கள் அங்கிள், உங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்ததை நான் இப்படிச் செய்திருக்கக் கூடாது என்று ஏதோ நீளமாகச் சொல்லத் தொடங்கினேன். 'தலைமுறை' என்ற சொல் வந்ததும் அவர் சிரித்துவிட்டார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"மூன்றாம் தந்தியைப் பிடி" என்றார். பிடித்தேன். "அது என் அத்தையுடையது அல்ல. அதை நான் இறக்கினேன்."

அவரை வளர்த்தது அத்தை. பெரிய தீவில், வைமேயா பக்கத்துப் பண்ணைக் குடும்பம். அத்தை இரவில் சமையல் முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பார்களாம். பிள்ளைகளுக்கு முதுகு மட்டும்தான் தெரியும். அந்த அமைப்பை இவர் ஒளிந்து கேட்டுக் கேட்டே பிடித்திருக்கிறார், அதற்கு இரண்டு வருடம் ஆனதாம். பதினெட்டு வயதில் ஒருநாள் வானொலியில் ஏதோ ஜாஸ் இசை. அதில் ஓர் இசைக்கூட்டு ஒலித்துப் போனது, மனதை விட்டுப் போகவில்லை. அதைத் தேடி மூன்றாம் தந்தியை ஒரு மெட்டு இறக்கிப் பார்த்திருக்கிறார். கிடைத்துவிட்டது. அத்தையின் பழைய பாட்டை அதில் வாசித்தால் பாட்டே வேறு வெளிச்சத்தில் நின்றது. சமையலறையிலிருந்து அத்தை குரல் கொடுத்திருக்கிறார்கள்: கிட்டாரை என்ன செய்தாய்? ஒன்றுமில்லை, தந்தி பழசாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, அவசர அவசரமாக ஆறு பிருடைகளையும் தளர்த்தியிருக்கிறார்.

"அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம்" என்றார். "இந்தப் பாட்டை முடித்ததும் கை தானாகத் தளர்த்திவிடும். அத்தை போய்ச் சேர்ந்து நாற்பது வருடம் ஆகிறது. கைக்கு அது தெரியவில்லை."

நான் பேச்சற்று உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு மாம்பழத்தை எடுத்துக் கத்தியால் கீறத் தொடங்கினார். கீறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அத்தை மட்டும் எதற்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள் என்று நினைக்கிறாய்?"

சுவருக்கு அந்தப் பக்கம்

அந்தக் கேள்வியோடுதான் இத்தனை ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ரகசியம் என்றால் பழையதைப் பூட்டிவைப்பது என்று நினைத்திருந்தேன். அங்கிள் பூட்டியது தன் கைவரிசையை. யார் கேட்டாலும் இது குடும்பத்துப் பழைய அமைப்பு என்று சொல்லிவிடலாம், யாராலும் சரிபார்க்க முடியாது. அந்த மறைவில் ஒரு தந்தியை இறக்கிப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் ஏற்றிவிடலாம். அத்தையும் தன் தகப்பனுக்குத் தெரியாமல் எதையாவது இறக்கியிருக்கலாம். ஒரு மரபு தன்னை மாற்றிக்கொள்வதற்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் முதுகைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் மாற்றும், திரும்பி உட்கார்ந்து 'இது எங்கள் பாட்டன் கொடுத்தது' என்று சொல்லும்.

அதற்காக ரகசியத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆட எனக்கு மனமில்லை. அதற்குக் கொடுத்த விலை அதிகம். எத்தனையோ அமைப்புகள் உரியவர்களோடு மண்ணுக்குள் போய்விட்டன. 1893இல் அரசாட்சி கவிழ்க்கப்பட்டது, 1896இல் பள்ளிகளில் ஹவாய் மொழிவழிக் கல்விக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. பாட்டின் மொழி வீட்டுக்குள் சுருங்கிய பிறகு, பாட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளப் பிள்ளைகளும் குறைந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் தங்கும் வைகீகி கடற்கரை விடுதிகளில் ஆங்கில வரிகளோடு வேறோர் இசை ஓடிக்கொண்டிருந்தது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் பட்ட பாட்டுக்கு ரே கானே ஓர் உதாரணம். நானாகுலியில் சிறுவனாக இருந்தபோது, கடலில் மூழ்கி மீன் பிடித்துக்கொண்டுவந்து கொடுத்து, அதற்குப் பதிலாகத்தான் பாடம் வாங்கியிருக்கிறார். என் ஊறுகாய் எந்த வரிசையில் வருகிறது என்பது அதைப் படித்தபோதுதான் புரிந்தது. அதே ரே கானே பின்னாளில் கேட்டவருக்கெல்லாம் தாராளமாகச் சொல்லிக்கொடுத்தார்.

கதவு உண்மையில் திறந்தது 1970களில். கியோலா பீமர் 1973இல் ஸ்லாக் கீ கற்பிக்கும் நூலை வெளியிட்டார். சுவரைப் பார்த்து வாசித்தது அச்சில் ஏறியது. பிறகு பியானோ கலைஞர் ஜார்ஜ் வின்ஸ்டன் தன் டான்சிங் கேட் நிறுவனத்தின் மூலம், 1990களில், மூத்த வாசிப்பாளர்களை வரிசையாகத் தனி கிட்டாரில் பதிவு செய்து வெளியிட்டார். அந்தத் தொகுப்புகளின் உள்ளட்டையைப் பிரித்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த அமைப்பு என்று தந்தி தந்தியாக அச்சிட்டிருக்கும். அதை முதன்முதலில் பார்த்தபோது, அடுத்த வீட்டுப் பீரோவைத் திறந்து பார்த்த கூச்சம் எனக்கு. ஆனால் அந்த அட்டைகள் இல்லாவிட்டால், எங்கிருந்தோ வந்த எனக்கு இந்த இசை எட்டியே இருக்காது என்பதும் உண்மை.

ஸ்லாக் கீயின் மிகப் பெரிய புதுமை எது என்று கேட்டால், ஜாஸ் கலந்ததையோ மின்சாரக் கிட்டாரையோ நான் சொல்லமாட்டேன். சொல்லிக்கொடுத்ததைச் சொல்வேன். அது காப்பாற்றியது, சந்தேகமே இல்லை. கூடவே ஒன்றை உறையவைத்தது. ஹொனலுலுவில் ஒரு வார இறுதிப் பயிலரங்குக்குப் போயிருந்தேன். பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே அமைப்பில், ஒரே பாட்டின் முடிவில் வரும் அந்த இரண்டு தாளச் சுற்றை, ஒரே இடத்தில் ஒரே மாதிரி வாசித்தோம். ஒருவர் கை வழுக்கி வேறு தந்தியைத் தொட்டுவிட்டார். நன்றாகத்தான் இருந்தது. 'மன்னிக்கவும்' என்று சொல்லிவிட்டுத் தாளில் உள்ளபடி திருத்திக்கொண்டார். அங்கிளின் அத்தை வீட்டில் அந்த வழுக்கல் ஒரு குடும்பச் சொத்தாகியிருக்கும்.

கேபி பஹினுயியை நினைத்துக்கொள்கிறேன். இன்று ஸ்லாக் கீ மரபு என்றால் முதலில் வரும் பெயர் அவருடையது. 1940களின் பிற்பாதியில் அவர் பதிவு செய்த 'ஹிஇலாவே' என்ற பாட்டுத்தான், அதுவரை வீட்டுத் திண்ணையில் இருந்த இந்த இசையை இசைத்தட்டுக்கு ஏற்றியது. அவருக்கு இசைக் குறிப்புகளைப் படிக்கத் தெரியாது. ஹொனலுலு நகராட்சியின் சாலைப் பணியாளராக வேலை பார்த்தார். ஆனால் அவர் ஜாஸ் பைத்தியம். ஸ்டீல் கிட்டாரும் பாஸும் வாசித்துத் திரிந்தவர். வைமானாலோவில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை தொடங்கும் கச்சேரி ஞாயிறுவரை நீளுமாம். இன்று பயிலரங்குகளில் பழைய பாணி என்று நாம் பயபக்தியோடு பழகும் நகாசுகளில் எவ்வளவு அந்த வீட்டில், மூன்றாம் நாள் விடியற்காலையில், யாரோ சும்மா செய்து பார்த்ததாக இருக்கும்?

பூட்டே இல்லாத பெட்டி

உகுலேலே இந்தக் கதையில் வேறு மாதிரி. நான் அதை விளையாட்டுச் சாமானாகத்தான் நினைத்திருந்தேன். அங்கிள் வீட்டில் ஒன்று ஆணியில் தொங்கும். பேரப்பிள்ளைகள் எடுத்து வாசிப்பார்கள், சண்டை போட்டுக்கொள்வார்கள், சோபாவின்மேல் எறிவார்கள். யாரும் தந்தியைத் தளர்த்தவில்லை. தளர்த்துவதற்கு அங்கே ரகசியமும் இல்லை. எல்லார் வீட்டிலும் பெரும்பாலும் ஒரே அமைப்பு, ப ஸ க த. அதிலும் மேலே இருக்கும் அந்தப் பஞ்சமம் தாழ்ந்து ஒலிக்காமல் ஷட்ஜத்தைவிட உயர்ந்து ஒலிக்கும். கீழிருந்து மேலே ஏறும் படிக்கட்டில் முதல் படி மட்டும் மாடியில் இருப்பதுபோல. அந்தக் கோணல்தான் அதன் துள்ளலுக்குக் காரணம்.

அதுவும் வந்தேறிதான். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில், கரும்புத் தோட்ட வேலைக்காக, மடெய்ரா தீவிலிருந்து போர்த்துகீசியர் வந்து இறங்கினார்கள். அவர்களில் மனுவேல் நூனெஸ், அகுஸ்து டியாஸ், ஜோசே டூ எஸ்பிரித்து சாந்து என்ற மூன்று மரத்தச்சர்கள், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஹொனலுலுவில் பட்டறை போட்டு, தங்கள் ஊரின் சிறிய கிட்டாரை ஹவாயின் கோவா மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். பத்தாண்டு ஆவதற்குள் கலாகாவா அரசர் அதை ஹுலா நடனத்தோடு அரண்மனையில் உட்காரவைத்துவிட்டார். மரபு என்பதற்கு அரச முத்திரை வாங்க அவ்வளவு காலம்தான் தேவைப்பட்டிருக்கிறது. 1916இல் தொழில் தொடங்கிய சாமுவேல் காமாகா, அன்னாசிப்பழ வடிவில் ஒன்றைச் செய்து 1920களில் காப்புரிமையும் பெற்றார். பெட்டியின் வடிவம் மாறியது, வாசித்த பாட்டு மாறியது, எல்லாம் நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க. ஜேக் ஷிமாபுகுரோ நியூயார்க் பூங்காவில் உகுலேலேயில் பீட்டில்ஸ் பாட்டை வாசித்த காட்சி 2006இல் இணையத்தில் பரவியபோது, இது ஹவாய் இசையா என்று என்னைப் போன்றவர்கள்தான் புருவம் உயர்த்தினோம். ஹவாய்ப் பாடகர் இஸ்ரேல் காமாகாவிவோஓலே 1988இல் நள்ளிரவு கடந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் உகுலேலேயோடு பாடிய 'ஓவர் தி ரெயின்போ' என்ற அந்த வானவில் பாட்டில் மூலப் பாட்டின் வரிகள் தடம் மாறியிருக்கும், மெட்டும் அங்கங்கே நழுவியிருக்கும். இன்று பலர் அந்த நழுவலையே மூலம் என்று நினைத்துப் பழகுகிறார்கள். அவர் 1997இல் இறந்தபோது உடலைத் தலைநகர் ஆட்சி மாளிகையில் மக்கள் அஞ்சலிக்காக வைத்தார்கள்.

என்னை மிகவும் யோசிக்கவைத்தவர் எடி காமாயே. இளமையில் உகுலேலேயில் ஜாஸும் லத்தீன் இசையும் வாசித்தவர். நாலு தந்திகளையும் ஒன்றாகப் பறித்து, மெட்டையும் துணையொலியையும் சேர்த்தே கொண்டுவருவார். ஹவாய்ப் பாட்டு அவருக்கு ரொம்ப எளிமையாகப் பட்டிருக்கிறது. 1950களின் இறுதியில் வைமானாலோவில் கேபியோடு சேர்ந்து வாசித்த நாட்களில் அந்த நினைப்பு உடைந்தது. இருவரும் சேர்ந்து சன்ஸ் ஆஃப் ஹவாய் குழுவைத் தொடங்கினார்கள். பிறகு காமாயே தீவு தீவாகப் போய், மூத்தவர்களைத் தேடி உட்கார்ந்து, மறைந்துகொண்டிருந்த பாடல்களைக் கேட்டு வாங்கினார். பழைய பாட்டைத் தேடிப் போன விரல்கள் ஜாஸ் பழகிய விரல்கள்.

2005இல் கிராமி விருதில் ஹவாய் இசைக்கென்று தனிப்பிரிவு வந்தபோது நடந்த சச்சரவை இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். முதல் விருது ஒரு ஸ்லாக் கீ கிட்டார் தொகுப்புக்குப் போனது. பாட்டு இல்லை, ஹவாய் மொழியில் ஒரு சொல் இல்லை. பிரிவு நீடித்த 7 ஆண்டுகளில் 5 முறை ஸ்லாக் கீ தொகுப்புகளே வாங்கின. சொல்லைத்தான் முதலில் பறித்தார்கள், இப்போது சொல் இல்லாததற்கே பரிசா என்று மொழிக்காரர்கள் கேட்டார்கள். அங்கிளிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "வாசிக்கும்போது என் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறாயா?" என்றார். அதற்குப் பிறகு பார்த்தேன். அசைந்தது. சச்சரவில் நான் மொழிக்காரர்கள் பக்கம் சாய்ந்தது அந்த உதட்டைப் பார்த்துத்தான்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் அங்கிள் அந்தப் பாட்டின் இரண்டாம் பகுதியை எனக்கு நேர்முகமாக உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். முடிந்ததும் பிருடைக்குப் போன கையைப் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு தளர்த்திவிட்டார்.

அந்த ஆறு எழுத்துகளை இந்தக் கட்டுரையில் எழுதலாமா என்று பலமுறை யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. யாராவது நாலு பேர் வாசித்துப் பார்க்கலாம். ஆனாலும் கை ஓடவில்லை. போன மாதம் ஓர் இரவு, அதே அமைப்பில் இரண்டாம் தந்தியை ஒரு மெட்டு இறக்கிப் பார்த்தேன். நன்றாக இல்லை. ஏற்றிவிட்டேன். சென்ற ஞாயிறு நண்பர் ஒருவர் மகனோடு மதிய உணவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பையன் கல்லூரியில் கிட்டார் வாசிப்பவன், நல்ல காது என்று கேள்வி. அவர்கள் வாசல் மணியை அடித்தபோது நான் உள்ளறையில் பிருடைகளைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். வந்தவன் மோர்க்குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், கைப்பேசியில் ஏதோ ஆட்டம் பார்த்தான், நாலு மணிக்குக் கிளம்பிப் போனான். கிட்டார் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.